கடைசிக் காம்பராவுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

பொன்னையாவின் மகளுக்குத் திருமணம் நடந்து மூன்று வாரமாகியும், பிரியந்தினியின் கம்ப்யூட்டரில் மாப்பிள்ளை இன்னும் தாலி கட்டவில்லை. கையை உயர்த்துவார். நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்புவார். அத்தோடு எல்லாரும் நின்றுவிடுவார்கள். தூவிய அரிசி அந்தரத்தில் நிற்கும். படம் மறுபடி நகரும்போது மணமக்கள் அக்கினியைச் சுற்றி முடித்து, வேறு யாரோ ஒருவரின் காலில் விழுந்துகொண்டிருப்பார்கள்.

"கட்டுறானா இல்லையா?" என்று பின்னால் உட்கார்ந்திருந்த மாமியார் அம்மாக்கண்ணு கேட்டாள்.

"கட்டிட்டாரு மாமி. நமக்குத்தான் தெரியல."

"தெரியாததத் தெரிஞ்சதுன்னு எப்படிச் சொல்றது?" என்றாள் அம்மாக்கண்ணு. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, பிற்பாடு யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தைப் பார்ப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பாதியில் எழுந்து போகிற பழக்கம் கிடையாது.

உடப்புசல்லாவைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேட்டு லயத்தில், ஒட்டி நின்ற வரிசை வீடுகளில், கடைசிக் காம்பரா அவர்களுடையது. பிரியந்தினி பகலில் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தாள். மலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைச் சாயந்தரம் வரைக்கும் பார்த்துக்கொள்வது. வீட்டுக்கு வந்தபின் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பாள். வலப்பனையிலும் உடப்புசல்லாவையிலும் படம்பிடிக்கிற மூன்று பேர் அவளிடம் வேலை கொடுத்தார்கள். அவர்களுக்குப் படம் எடுக்கத் தெரியும். எடுத்ததை உட்கார்ந்து பார்க்கும் பொறுமை மூவருக்குமே இல்லை.

போன வருஷம் மூன்று பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் புதுக் கேமரா வாங்கினார்கள். படம் நாலு மடங்கு தெளிவானது. மணப்பெண்ணின் முகத்தில் பவுடர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது வரைக்கும் தெரிந்தது. ஆனால் பிரியந்தினியின் கம்ப்யூட்டர், வலப்பனையில் மூடிப்போன ஒரு போட்டோகொப்பிக் கடையிலிருந்து வந்தது. படத்தைத் திரைக்குக் கொண்டுவருகிற கிராபிக்ஸ் கார்டு அதில் பெயருக்குத்தான் இருந்தது. அவ்வளவு தெளிவை அதனால் தாங்க முடியவில்லை.

எந்தக் கார்டு வேண்டும் என்பதை அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். சின்னது, புதியது, நாலு ஜீபீ. தனி வயர் கேட்காது; கம்ப்யூட்டருக்குள் வருகிற மின்சாரத்திலேயே ஓடிக்கொள்ளும். பெட்டிக்குள் அடங்கும். இதையெல்லாம் போனில் பார்த்துப் பார்த்து, படம்பிடிப்பவர்களையும் கேட்டு, உறுதி பண்ணியிருந்தாள். அவள் போட்ட சீட்டுக் காசு பாதிக்குத்தான் வந்தது. மீதிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கணவன் ஜீவராஜ் அந்த விஷயத்தைக் கட்டாரிலிருந்த தன் தம்பி திலக்ஷனிடம் போனில் சொல்லிவிட்டான். ஜீவராஜ் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியாது.

மறுநாளே திலக்ஷனின் குரல் வாட்ஸப்பில் வந்தது.

"அண்ணி, பாதிய நான் போடுறேன். யோசிக்காதீங்க. ஆனா எட்டு ஜீபீக்குக் குறையக் கூடாது."

அடுத்ததாக இன்னொரு குரல் வந்தது. "எட்டு."

சனிக்கிழமை பிரியந்தினியும் ஜீவராஜும் நுவரெலியாவுக்குப் போனார்கள். கடைத்தெருவில் விஜிதரனின் கடை இருந்தது. அவனுடைய அப்பா வெண்கலப் பாத்திரம் விற்ற கடை. இப்போது ஒரு பக்கம் குத்துவிளக்குகளும் மறுபக்கம் கம்ப்யூட்டர் சாமான்களும் இருந்தன. எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்காமலே விஜிதரன் ஆட்களைச் சரியான பக்கத்துக்கு அனுப்பினான்.

இரண்டு கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது புதுசு. நாலு ஜீபீ. பெட்டி பிரிக்காதது. இது பாவிச்சது. எட்டு ஜீபீ. வெல ரெண்டும் ஒன்னுதான்."

பாவித்த ஆட்டோ வாங்கிப் பழகிய ஜீவராஜ், முதல் கேள்வியைக் கேட்டான். "பாவிச்சது யாரு?"

"பிட்கொயின் காசு தோண்டுனவங்கண்ணே."

"எங்க தோண்டுனாங்க?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

ஜீவராஜ் குனிந்து கார்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்தான். "மண்ணு ஒன்னும் காணோமே."

"தொடச்சிட்டோம்," என்றான் விஜிதரன்.

பிரியந்தினி சின்னதைக் கையில் எடுத்தாள். அது சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. பெரியது கிட்டத்தட்ட ஒரு இறாத்தல் பாண் ரொட்டி நீளம். "இது எவ்வளவு கரண்ட் இழுக்கும்?" என்று பெரியதைக் காட்டிக் கேட்டாள்.

விஜிதரன் சொன்னான். சின்னதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

"உங்க மெசின்ல இருக்கிற சப்ளை ஒரு மாதிரி தாங்கும்," என்றான். "வீட்டுல கரண்ட் எப்படி?"

"கரண்ட் இருக்கு," என்றான் ஜீவராஜ். அவனுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நுவரெலியாக் கடைக்காரர்கள் லயத்தைப் பற்றி எதையோ நினைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள் என்பது அவன் எண்ணம்.

அந்த நேரம் பார்த்து திலக்ஷன் வீடியோ அழைப்பில் வந்தான். ஜீவராஜ்தான் வரச் சொல்லியிருந்தான். போனைக் கார்டுகளுக்கு மேலே பிடித்தான்.

"திருப்பிக் காட்டுண்ணே. ரெண்டு ஃபேன் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதுதான்."

"தம்பி, நம்ம லயத்துக் கரண்டுக்கு..." என்று பிரியந்தினி தொடங்கினாள்.

"அண்ணி, ரெண்டு ஃபேன்."

பஸ்ஸில் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதை அவள் வரிசையாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அந்த அடுக்கில் பாதிக் காசு அவனுடையது என்பதும் ஒரு வரியாக இருந்தது. அந்த வரிதான் முதலில் ஞாபகம் வந்தது. மற்றவை வரவில்லை. சின்னக் கார்டை மேசையில் வைத்தாள். ஜீவராஜ் காசைக் கொடுத்தான். வீட்டுக்குப் போகும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீவராஜ் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டான்.

வீட்டில் கார்டு பெட்டிக்குள் போகவில்லை. ஜீவராஜ் பெட்டியைத் தலைகீழாகவும் பார்த்தான். பிறகு இரும்பு அறுக்கும் வாளைக் கொண்டுவந்து, உள்ளே காலியாக இருந்த ஒரு தட்டை அறுத்து எடுத்தான். கார்டு போனது. பக்கத்து மூடிதான் அதற்குப் பிறகு மூடவில்லை. "காத்தோட்டத்துக்கு நல்லது," என்றான்.

ஞாயிறு காலை பிரியந்தினி வீடியோவைத் திறந்தாள். மாப்பிள்ளை கையை உயர்த்தினார். அரிசி விழுந்தது. தாலி கழுத்தில் ஏறியது. மூன்று முடிச்சும் தெளிவாக விழுந்தன. இடையில் எதுவும் நிற்கவில்லை.

"கட்டிட்டான்," என்றாள் அம்மாக்கண்ணு. எழுந்து வெளியே போய்ப் பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிட்டு வந்தாள். பிரியந்தினிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொழுந்தன் சொன்னதே சரியாக இருக்கலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயந்தரம் மலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மழையில் நனைந்து வந்தவர்கள் எல்லா லயத்திலும் செய்வதைத்தான் செய்தார்கள்: முதலில் ரைஸ் குக்கரைப் போட்டார்கள். கரண்ட் முதல் காம்பராவிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கடந்து கடைசிக் காம்பராவுக்கு வருவது. எல்லாரும் எடுத்ததுபோக மிச்சம்தான் பிரியந்தினிக்கு. பல்பு மங்கியது. கார்டின் இரண்டு ஃபேனும் ஒரு முறை முனகின. கம்ப்யூட்டர் அணைந்து, மறுபடி தானாகவே தொடங்கி, மறுபடி அணைந்தது. முன்பு தாலிதான் நின்றது. இப்போது மண்டபமே போய்விட்டது.

பழைய கார்டு இருந்தவரை இப்படி ஒரு நாளும் அணைந்ததில்லை. விஜிதரனுக்குப் போன் பண்ணினாள். கரண்ட்டைச் சீராக்குகிற பெட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னான். விலையையும் சொன்னான். அந்த விலைக்கு இன்னொரு கார்டு வாங்கலாம்.

திலக்ஷனிடம் ஜீவராஜ் கேட்டான். அவனுக்கு வழி தெரிந்திருந்தது. "லயத்துல சொல்லி, அண்ணி வேல செய்யிற நேரம் குக்கரப் போட வேணாம்னு சொல்லுங்க."

கட்டாரில் இருப்பவன் இப்படிச் சொல்வதில் ஆச்சரியமில்லை. ஜீவராஜ் போய் அதைச் சொன்னதுதான் ஆச்சரியம். குழாயடியில் ஆட்கள் நிற்கும் நேரம் பார்த்துப் போனான். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் பழனியாண்டி அங்கே இருந்தார். லயத்துக்கு ஒரு பிரச்சினை என்றால் அவரிடம்தான் போகும். அவர் கடைசிவரை கேட்டார்.

"அந்தக் கார்டு என்னா சாப்பிடுது?"

"கரண்ட்டுங்க."

"நாங்க சோறு," என்றார் பழனியாண்டி.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் யாரோ ஒருவர், எந்தக் கல்யாணம் என்று கேட்டார். பொன்னையா மகளுடையது என்று ஜீவராஜ் சொன்னதும் நிலைமை மாறியது. பொன்னையா இந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். லயமே அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தது.

"நான் அதுல இருக்கேனா?" என்று பழனியாண்டி கேட்டார்.

"இருக்கீங்க," என்றான் ஜீவராஜ். அவன் அந்த வீடியோவைப் பார்த்ததே இல்லை.

பிரியந்தினி வேலையை முடித்துச் சொல்லும்வரை குக்கர் போடுவதில்லை என்று முடிவானது. அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்தபோது எல்லாம் ஏற்பாடாகியிருந்தது.

அன்று சாயந்தரம் லயம் முழுக்க அமைதியாக இருந்தது. பல்பு பளிச்சென்று எரிந்தது. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பெண்ணழைப்பை முடித்து, மாலை மாற்றுவதற்கு வந்தாள். தேத்தண்ணி குடிப்பதற்காக எழுந்தவள், வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுப் படியில் அழகம்மை உட்கார்ந்திருந்தாள். மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குத் தாளைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. மடியில் குக்கர் சட்டி. கழுவிய அரிசி தண்ணீரில் கிடந்தது. உள்ளே அவளுடைய சின்ன மகள் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். பகலில் பிள்ளைக் காம்பராவில் பிரியந்தினி தன் கையால் சோறு ஊட்டுகிற பிள்ளை. அந்தச் சிணுங்கல் எப்போது அழுகையாக மாறும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"முடிஞ்சிருச்சா பிள்ள?" என்று கேட்டாள் அழகம்மை.

"இன்னும் கொஞ்சம் இருக்குக்கா."

"சரி சரி. அவசரமில்ல. அரிசி ஊறுனா நல்லதுதான்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் பிரியந்தினிக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். லயத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு ஒரு வாசலாக ஆட்கள் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் இருந்தார்கள். அவளைக் கண்டதும் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

உள்ளே போய்க் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்தாள்.

"போடுங்கக்கா."

"அப்ப கல்யாணம்?"

"அது நடந்து முடிஞ்சிருச்சு. இனி எங்கயும் போகாது."

அழகம்மை சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். செய்தி வாசல் வாசலாகப் போனது. கொஞ்ச நேரத்தில் பல்பு மங்கியது.

"நாளன்னைக்கு லீவு போட்டு டவுனுக்குப் போறேன்," என்று பிரியந்தினி கணவனிடம் சொன்னாள். "இத மாத்தணும்."

"திலக்ஷன்கிட்ட என்ன சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். நீங்க போன எடுக்காம இருந்தாப் போதும்."

ஜீவராஜ் ஏதோ சொல்ல வந்தான். அம்மாவைப் பார்த்தான். அம்மாக்கண்ணு குக்கரைப் போட எழுந்துகொண்டிருந்தாள். அவளும் நனைந்துதான் இருந்தாள்.

கார்டை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு பிரியந்தினி தனியாகப் பஸ் ஏறினாள். கடையில் விஜிதரன் ஒரு குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். துவாயைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பாவிச்ச சாமான் திருப்பி எடுக்கிறதில்லக்கா."

"நீங்க விக்கும்போதே அது பாவிச்சதுதானே. இப்பயும் பாவிச்சதுதான். கூடவோ குறையவோ இல்ல."

விஜிதரன் யோசித்தான். கார்டை வாங்கி, கடையின் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிப் பார்த்தான். ஓடியது. "என்னா பிரச்சின?"

"சோறுதான் பிரச்சின." லயத்துக் கரண்ட்டைப் பற்றி விளக்கமாகச் சொன்னாள். பஸ்ஸில் அன்று அடுக்கி வைத்தது எல்லாம் இப்போது வரிசையாக வந்தது. அவன் கேட்டுக்கொண்டே விளக்கைத் துடைத்து முடித்தான்.

"டவுன் பையன் ஒருத்தன் இதத்தான் கேட்டுட்டுப் போனான்," என்றான் கடைசியில். "சரி, வச்சிட்டுப் போங்க. புதுசத் தாறேன்." சின்னக் கார்டை எடுத்து வந்தான். "அன்னைக்கே இத எடுத்திருக்கலாமேக்கா. எனக்கு உங்களப் பாத்தா இது தெரிஞ்ச ஆள் மாதிரிதான் இருந்துச்சு."

"அன்னைக்குப் பேசுனது நான் இல்ல தம்பி," என்றாள்.

பஸ் நிலையத்தில் நின்று திலக்ஷனுக்குப் போன் எடுத்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, கார்ட மாத்திட்டேன். சின்னது எடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் மெசின்கள் ஓடும் சத்தம் கேட்டது. அவன் ஒரு ஹோட்டலின் துணி வெளுக்கிற இடத்தில் வேலை செய்தான்.

"ஃபேன் எத்தன?" என்று கேட்டான்.

"ஒன்னு."

மெசின் சத்தம் தள்ளிப் போனது; அவன் வெளியே வந்திருக்க வேண்டும்.

"லீவுல வந்தா நானும் கேம் ஆடலாம்னு நெனச்சேன் அண்ணி," என்றான். "இங்க ரூம்ல எட்டுப் பேரு. எனக்குன்னு ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும்தான். வீட்டுல என்னோடது ஒன்னு இருக்கட்டுமேன்னுதான்."

இதை அவன் எந்தக் குரல் செய்தியிலும் சொன்னதில்லை. அவள் கையிலிருந்த பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இதுவும் உங்களோடதுதான். வாங்க, ஆடலாம்."

"ஒரு ஃபேன்ல என்னத்த ஆடுறது," என்றுவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நெடுநாள் அவனிடமிருந்து குரல் செய்தி எதுவும் வரவில்லை. தாய்க்குப் பேசும்போது எல்லாரையும் விசாரித்தான். கம்ப்யூட்டரை மட்டும் விசாரிக்கவில்லை.

சின்னக் கார்டு பெரியதைப்போல ஓடவில்லை. பிரியந்தினி முதலில் எல்லாப் படத்துக்கும் தெளிவு குறைந்த ஒரு சின்னப் பிரதி எடுத்து, அதை வைத்து வெட்டி, கடைசியில் பெரிய படத்தில் சேர்த்தாள். வேலை கொஞ்சம் கூடியது. ஆனால் லயத்தில் குக்கரெல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் கம்ப்யூட்டர் அணையவில்லை. பல்பு மங்கும். படம் ஓடிக்கொண்டிருக்கும். அம்மாக்கண்ணு மங்கலான பல்புக்கடியில் ஒரு கல்யாணத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் பார்த்து, "பொண்ணு ஒரு எடத்துலகூடச் சிரிக்கல," என்று தீர்ப்புச் சொன்னாள்.

பொன்னையா வந்து பார்த்தார். அவருக்கு ஒரு குறை இருந்தது.

"என்னயவிட சாம்பார் ஊத்துறவன்தான் கூட நேரம் வாறான்."

"அவரு ஓடிக்கிட்டே இருந்தாருங்கய்யா. நீங்க உக்காந்திருந்தீங்க."

பொன்னையா அதை மறுக்கவில்லை. பழனியாண்டியும் வந்தார். படம் முழுவதிலும் அவர் ஓரிடத்தில் ஒரு முழங்கையாக மட்டும் வந்தார். அது தன்னுடைய முழங்கைதான் என்று அவரே உறுதிப்படுத்தினார். ஜீவராஜ் அன்று சாயந்தரம் முழுவதும், அவர் கண்ணில் படாமல், ஆட்டோவைக் கழுவினான்.

சித்திரை லீவுக்குத் திலக்ஷன் வந்தான். எல்லாருக்கும் சோப்பும் வாசனைத் தண்ணியும் கொண்டுவந்தான். இரண்டு நாள் கம்ப்யூட்டர் இருக்கும் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் சாயந்தரம் அதன் முன்னால் உட்கார்ந்து, மூடாத பக்கத்தால் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"சின்னதா இருக்கு அண்ணி."

"ஆமா."

"ஓடுதா?"

"ஓடுது."

போனிலிருந்து ஏதோ ஒரு துப்பாக்கி விளையாட்டை ஏற்றினான். எல்லாத் தெளிவையும் குறைத்து வைத்தால்தான் அது நகர்ந்தது. மலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், குக்கர்கள் ஏறின, பல்பு மங்கியது. திலக்ஷன் நிமிர்ந்து பல்பைப் பார்த்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தான். அது ஓடிக்கொண்டிருந்தது. திரும்பவும் ஆடினான். முகம் கொஞ்சம் இளகியிருந்தது. சுட வந்தவர்கள் எல்லாரும் பாசி பிடித்த மாதிரிப் பச்சையாகத் தெரிந்தார்கள். யார் சுடுகிறார்கள் என்பது தெரியாமலே செத்துப்போனான்.

"கார்டு பத்தாது. அதான் தோத்துட்டேன்," என்றான்.

"ஆடுனது நீதானே?" என்றாள் அம்மாக்கண்ணு.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தடவை தோற்றான். பிறகு இன்னொரு தடவை. பின்னால் பிரியந்தினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். வலப்பனையிலிருந்து ஒரு சடங்கு வீட்டு வீடியோ வந்திருந்தது.

"எந்திரிங்க தம்பி. எனக்கு வேலையிருக்கு."

அவன் எழுந்து இடம் விட்டான்.